நீராவியின் ஒலியும் எழுத்தின் ஏகபோகமும்

எழுத்தில் இருப்பதே வரலாறு, ஏனையவை வெறுஞ் செவிவழிச் செய்தி என்ற எண்ணம் தமிழ்க் கல்வியுலகில் ஆழ வேரோடியுள்ளது. கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அச்சுநூல், பத்திரிகை நறுக்கு என ஆதாரங்கள் வரிசைப்படுத்தப்படும்போது அவ்வரிசையின் கடைசியிலேனும் ஓர் ஒலிநாடாவுக்கு இடங்கிடைப்பது அரிது. 'செவிவழி' எனுஞ் சொல்லே ஆய்வேடுகளில் ஐயத்தின் மறுபெயராக வழங்குகின்றது. இத்தகைய சூழலில், பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் சிலர் நீராவிப் புகையிரதங்களின் இரைச்சலை ஆண்டுக்கணக்காக ஒலிப்பதிவு செய்து, இசைத்தட்டுகளாக வெளியிட்டு, அருங்காட்சியகத்திலுஞ் சேர்ப்பித்தனர் என்று கேள்வியுறும் தமிழ் ஆய்வாளர் முதலிற் புன்னகைப்பார். வேலையற்றோரின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டுத் தமது ஏடுகளுக்குத் திரும்புவார். அந்தப் புன்னகைக்கு விடையளிக்க வேண்டிய காலம் வந்துள்ளது.

கல்முனைக்கு அயலிலுள்ள நற்பிட்டிமுனையில் நின்று இவ்விடயத்தைப் பேசுவது முரணானது எனச் சிலர் கருதலாம். அவ்வூருக்குப் புகையிரதம் வந்ததேயில்லை. இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடிற்று. 1867இற் கண்டியையும், 1905இற் காங்கேசன்துறையையும், 1914இல் தலைமன்னாரையும் அடைந்த இருப்புப்பாதை 1928இல் மட்டக்களப்புக்கு வந்து, அத்துடன் நின்றுவிட்டது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் கரையோரம் இன்றுவரை தண்டவாளத்தைக் கண்டதில்லை. இக்கரையிலிருந்து 1950களிற் பேராதனைக்குப் படிக்கச் சென்ற மாணவன் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் பஸ்ஸிற் சென்று மட்டக்களப்பில் வண்டியேறினான். வாழைச்சேனை, பொலன்னறுவை, மாகோ, பொல்காவலை எனச் சுற்றி, றம்புக்கணைக்கு அப்பால் மலையேறும்போதே நீராவி எஞ்சினின் முழுக்குரலையும் அவன் செவிமடுத்தான். 45 அடிக்கு ஓரடி வீதம் உயரும் அந்த ஏற்றத்தில் முன்னே ஓர் எஞ்சின் இழுக்க, பின்னே ஒரு துணை எஞ்சின் தள்ளுவது வழக்கம். இரண்டின் மூச்சும் ஒருகாற் பொருந்தியும் ஒருகாற் பிரிந்தும் கடுகண்ணாவை வரை தொடரும். நற்பிட்டிமுனைக்கு அது அயலூர் ஒலி. எனவே இவ்வூரிலிருந்து அதைப் பற்றிப் பேசும்போது 'அந்தக் காலம் பொற்காலம்' என்ற ஏக்கத்துக்கு இடமில்லை. இழப்பை இழப்பாக மட்டும் அளந்துபார்க்க இது வசதியான தூரமே.

பீற்றர் ஹான்ட்போர்ட் தொழிலால் திரைப்பட ஒலிப்பதிவாளர். இரண்டாம் உலகப்போரின்போது இராணுவத் திரைப்படப் பிரிவிற் பணியாற்றி, 1944இல் நோர்மண்டித் தரையிறக்கத்தின் ஒலிகளைப் பதிவுசெய்தவர். போருக்குப் பின் படப்பிடிப்பு இல்லாத நாள்களிலும் இரவுகளிலும் புகையிரதப் பாதையோரங்களிலும் ஏற்றங்களிலுங் காத்திருந்து நீராவி எஞ்சின்களைப் பதிவுசெய்தார். 1950களில் 'டிரான்சகோர்ட்' என்ற பெயரில் அவற்றைத் தாமே இசைத்தட்டுகளாக விற்றார். 1960களில் ஆர்கோ நிறுவனம் அவற்றை வெளியிடும் பொறுப்பை ஏற்றது. 1955இற் பிரித்தானியப் புகையிரதப் பகுதி வெளியிட்ட நவீனமயமாக்கல் திட்டம் நீராவிக்கு முடிவுகட்டப்படும் என்பதை வெளிப்படையாகவே அறிவித்திருந்தது. நாள் குறிக்கப்பட்ட மரணத்துக்கு முன்னர் செய்யவேண்டியதை அவர் செய்துகொண்டிருந்தார். 1968 ஆகஸ்டு 11ஆம் திகதி பிரதான பாதைகளில் இறுதி நீராவிச் சிறப்பு வண்டி ஓடியது. ஆசனமொன்றின் விலை பதினைந்து கினி; அதனாலேயே அவ்வண்டிக்குப் 'பதினைந்து கினி வண்டி' என்று பெயர் வழங்கிற்று. எஞ்சினில் நெருப்புப் போட்ட தொழிலாளிக்கு அந்த விலை கட்டுப்படியாகியிராது என்பது தனிக்கதை. 'அவுட் ஒப் ஆபிரிக்கா' என்ற திரைப்படத்துக்காக 1986இல் ஹான்ட்போர்ட்டுக்கும் அவருடன் பணியாற்றியோருக்கும் ஒஸ்கார் விருது கிடைத்தது. எனினும் அவருடைய வாழ்நாள் உழைப்பு அந்தப் பாதையோர ஒலிநாடாக்களே என்பதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அவை இன்று யோர்க் நகரிலுள்ள தேசியப் புகையிரத அருங்காட்சியகத்தின் உடைமையாகும்.

இரைச்சலில் என்ன இருக்கின்றது என்பதே கேள்வி. சீர்பிரித்து அலகிடக் கற்ற தமிழ் மாணவருக்கு இதை விளக்குவது கடினமன்று. இரண்டு உருளைகள் கொண்ட சாதாரண நீராவி எஞ்சினிற் சில்லு ஒருமுறை சுழல்வதற்குள் கழிவு நீராவி நான்கு தடவை புகைபோக்கி வழியாக வெடித்து வெளியேறும். ஒவ்வோர் உருளையிலும் முசலம் முன்செல்கையில் ஒன்று, பின்வருகையில் ஒன்று. மூன்று உருளைகள் கொண்ட எஞ்சினெனின் பெரும்பாலும் ஆறு. ஆகவே சில்லின் விட்டம் தெரிந்தால் ஒலிநாடாவை மட்டுங் கேட்டே வண்டியின் வேகத்தைக் கணிக்கலாம். ஐந்தடி விட்டமுள்ள சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 15.7 அடி. செக்கனுக்கு எட்டு வெடிப்பொலிகள் கேட்குமாயின் சில்லு செக்கனுக்கு இருமுறை சுழல்கின்றது. வண்டி மணிக்கு ஏறத்தாழ 21 மைல் வேகத்திற் செல்கின்றது. நான்கில் ஒன்று மெலிந்து ஒலித்தால் வால்வு சரியாகப் பொருத்தப்படவில்லை என்று பழகிய செவி அறியும். ஒலிகள் திடீரென ஒன்றன்மேலொன்று விழுந்தடித்துப் பெருகினால், ஈரமான தண்டவாளத்திற் சில்லு வழுக்குகின்றது. அடுத்த கணம் அவை அடங்கி மீண்டும் நிதானம் பெற்றால், சாரதி நீராவியைக் குறைத்துச் சில்லைப் பிடிப்புக்குக் கொண்டுவந்துவிட்டான். ஏற்றத்தின் செங்குத்து, பாரத்தின் அளவு, கரியின் தரம், மழை, சாரதியின் கைத்திறன் ஆகிய யாவும் அந்த நான்கு அடிக்குள் அடங்கியுள்ளன. டீசல் எஞ்சினில் இந்த உறவு அறுந்துவிடுகின்றது. அதன் உறுமலின் வேகத்துக்கும் சில்லின் சுழற்சிக்கும் நேரடித் தொடர்பில்லை. நீராவியின் ஒலியோ உழைப்பின் நேரடிப் பதிவு. அதை 'இரைச்சல்' என்று ஒதுக்குபவர், யாப்பறியாது வெண்பாவைக் கேட்டுவிட்டு 'ஏதோ முணுமுணுப்பு' என்பவரை ஒத்தவர்.

ஒலி, யந்திரத்தை மட்டுமல்ல, ஊரையும் பதிவுசெய்யும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் ஒ. வின்ஸ்ரன் லிங்க் எடுத்துக்காட்டாவார். 1955 முதல் 1960 வரை நோபோக் அன்ட் வெஸ்டேர்ன் பாதையின் இறுதி நீராவி ஆண்டுகளைப் பெரும்பாலும் இரவில், மின்வெளிச்சங்களைப் பொருத்திப் புகைப்படமெடுத்த அவர், அதே இடங்களில் ஒலிநாடாவையும் ஓடவிட்டார். 1957 நத்தார் முன்னிரவில் வேர்ஜீனியா மாநிலத்தின் றூரல் றிற்றீற் என்ற சிற்றூரில் அவர் எடுத்த பதிவில் தேவாலய மணிகள் நத்தார்ப் பண்களை இசைத்துக்கொண்டிருக்க, இரவு வண்டி தொலைவில் ஊதி, அணுகி, நின்று, மீண்டும் புறப்பட்டு மறைகின்றது. அந்தச் சில நிமிடங்களில் எவரும் எதனையும் விளக்குவதில்லை. ஆயினும் அந்த ஊரின் அகலம், நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட தூரம், வண்டி வந்துபோவது அவ்வூரின் இரவில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருந்தது என்பன யாவும் புலனாகின்றன.

இவ்வாறு கூறுவதால் அந்த ஒலிப்பதிவாளர்கள் எல்லோரும் குறையற்றவர் என்று கொள்ளலாகாது. நீராவி இசைத்தட்டுகளின் உறைகளில் எஞ்சினின் இலக்கமும் வகுப்பும் பாதையின் ஏற்றமும் நுணுக்கமாக அச்சிடப்பட்டிருக்கும். எஞ்சினை ஓட்டியவரின் பெயர் பெரும்பாலும் இராது. சவளால் கரி அள்ளிப்போட்டவரின் பெயர் இருந்தால் அது அதிசயமே. மனிதனை நீக்கிவிட்டு யந்திரத்தை மட்டும் வழிபடும் இந்த இரசனை, நடுத்தர வர்க்கத்தின் வாரஇறுதி இரசனை. உழைப்பின் ஒலியை உழைத்தவனிடமிருந்து பிரித்துப் பண்டமாக்கும் போக்கு இது. இலங்கையிலும் 1980களிற் பழைய நீராவி எஞ்சின்கள் பளபளப்பாக்கப்பட்டு வெளிநாட்டு உல்லாசப் பயணிகளுக்கான 'வைஸ்ரோய்' வண்டியை இழுக்க விடப்பட்டமை இதன் இன்னொரு வடிவமே. இதே ஆண்டுகளில்தான், 1980 யூலை வேலைநிறுத்தத்திற் பங்குகொண்டு பதவியிழந்த ஆயிரக்கணக்கான அரச ஊழியருள் அடங்கிய புகையிரதத் தொழிலாளர் மீண்டும் வேலை கேட்டு அலைந்தனர் என்பது நினைவிருத்தற்குரியது.

இக்குறையைக் களைந்த பதிவும் பிரித்தானியாவிலேயே பிறந்தது. 1957 பெப்ரவரி 9ஆம் திகதி ஜோன் அக்சன் என்ற சாரதி ஓட்டிச்சென்ற பொருள்வண்டியில், ஏற்றமொன்றின் உச்சியை அடையுந் தறுவாயில், தடுப்பியின் நீராவிக் குழாய் பிய்ந்தது. கொதிநீராவி எஞ்சின் அறையை நிறைத்தது. தடுப்பி பயனற்றுப் போயிற்று. நெருப்புப் போடுபவரைக் குதித்து இறங்கிப் பெட்டிகளின் கைத்தடுப்பிகளை இழுக்க முயலுமாறு பணித்துவிட்டு, அக்சன் எஞ்சினிலேயே தங்கினார். இறக்கத்தில் உருண்டோடிய வண்டி சப்பல்-என்-லெ-பிரித் நிலையத்தில் மற்றொரு பொருள்வண்டியுடன் மோத, அக்சன் உயிரிழந்தார். மற்றை வண்டியின் காவலரும் இறந்தார். மரணத்தின் பின் அக்சனுக்கு 'ஜோர்ஜ் சிலுவை' வழங்கப்பட்டது. இச்சம்பவத்தை வானொலிக்கு ஆக்கிய சார்ள்ஸ் பாக்கர், இயூவன் மக்கோல், பெகி சீகர் ஆகியோர் எடுத்துச் செல்லக்கூடிய ஒலிப்பதிவுக் கருவியோடு புகையிரதத் தொழிலாளரிடஞ் சென்றனர். நடிகர்களைக் கொண்டு பேசவைக்கும் அன்றைய வழக்கத்தைக் கைவிட்டு, அத்தொழிலாளரின் சொந்தப் பேச்சையும் எஞ்சின் ஒலிகளையும் பாடலையும் இணைத்தனர். 1958 யூலை 2ஆம் திகதி பி.பி.சி. ஒலிபரப்பிய 'ஜோன் அக்சன் கதைப்பாடல்' அவ்வாறு உருவானது. இரசிகர் மெய்மறந்து கேட்கும் அதே நீராவி, மனிதனை அவித்துக் கொல்லவும் வல்லது என்பதை அந்த நிகழ்ச்சியைக் கேட்டவர் மறக்கமுடியாது. ஒலியாவணம் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோல்.

இனி இலங்கையின் நிலை. இந்நாட்டு நீராவி வண்டி உலகத் திரைப்பட வரலாற்றில் இடம்பெற்ற முக்கியமான படம் பசில் றைற் இயக்கிய 'சோங் ஒப் சிலோன்' (1934). தேயிலைப் பிரசாரத்துக்காக எடுக்கப்பட்ட அப்படத்தில் மலைநாட்டினூடாகப் புகையிரதம் செல்லும் காட்சி புகழ்பெற்றது. ஆனால் படம் இங்கு மௌனமாகவே பிடிக்கப்பட்டது; ஒலி முழுவதும் இலண்டனில் அமைக்கப்பட்டது. விவரணம் வாசிக்க லயனல் வென்ட்டும், உடன் கண்டிய நடனக் கலைஞரும் கப்பலேறிச் சென்றனர். இலங்கையின் காட்சிக்கு இலண்டன் ஒலியைப் பூட்டிய அந்தப் படத்தை இலங்கையின் குரல் என உலகம் போற்றிற்று. கித்துள்கலையிற் படமாக்கப்பட்ட 'குவாய் நதிப் பாலம்' (1957) வேறுவிதமானது. அதற்காக ஒரு மெய்யான பாலமும் அதன்மேல் ஓடிவந்த பழைய நீராவி எஞ்சினும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பார்த்தறிந்த இலங்கை நீராவி வண்டி, நொறுங்கி ஆற்றில் வீழ்ந்த அந்த வண்டியே.

ஒலி பிறரால் எடுத்துச்செல்லப்பட்ட வரலாறும் பழையது. 1907-08இல் சார்ள்ஸ் செலிக்மனும் பிறென்டா செலிக்மனும் வேடரிடையே ஆய்வு நடத்தியபோது அவர்களின் பாடல்களை மெழுகு உருளைகளிற் பதிவுசெய்தனர். அம்பாறை, மட்டக்களப்புப் பிரதேசங்களின் உள்நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய அம்மக்களின் நூறாண்டுக்கு முற்பட்ட குரல் இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதைப் பதிவுசெய்தவர்களைக் குடியேற்றவாத மானிடவியலாளர் என்று விமரிசிப்பது நியாயமே. ஆயின் விமரிசிப்பவர் தமது அயலூரில் ஒரு குரலையாவது பதிவுசெய்துள்ளாரா என்ற கேள்வியும் அதேயளவு நியாயமானது.

தமிழுலகத்தின் இரு கரைகளையும் இணைத்த புகையிரதச் சேவை ஒன்றுமிருந்தது. சென்னை எழும்பூரிற் புறப்பட்டுத் தனுஷ்கோடி வரை வண்டியிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும், மீண்டுங் கொழும்புக்கு வண்டியிலுமாக 1914 முதல் இயங்கிய 'போட் மெயில்' அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியொன்றையும் கடல் கொண்டது. அச்சேவையின் நேரஅட்டவணையைத் தேடிப் பெறலாம், படங்களையும் பெறலாம். அதன் ஒலியைக் கேட்க விரும்பும் மாணவன் எந்தத் தமிழ்த்துறையின் கதவைத் தட்டுவது? இந்தியாவில் நீராவி எஞ்சின் உற்பத்தி 1972இலேயே சித்தரஞ்சனில் நிறுத்தப்பட்டது. எனினும் அகலப்பாதையில் 1995 வரையிலும் அவை ஓடின. அந்த இருபத்துமூன்று ஆண்டுகளில் பிரித்தானியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆர்வலர்கள் விமானமேறிவந்து இந்தியப் பாதையோரங்களில் ஒலிவாங்கியோடு நின்றனர்.

ஈண்டு இருவகை ஆட்சேபங்கள் எழுப்பப்படலாம். புகையிரதமே கோப்பித்தோட்ட முதலாளிகளின் தேவைக்காக அமைக்கப்பட்டது. அதன் ஒலியைப் பேணுவது குடியேற்றவாதத்துக்கு எடுக்கும் விழாவல்லவா என்பது ஒன்று. கண்டிப்பாதை கோப்பிக்காக அமைந்தது என்பது உண்மையே. ஆனால் அந்த எஞ்சினைத் துடைத்ததும் ஓட்டியதும் திருத்தியதும் முதலாளி அல்லன். 1912இல் இந்நாட்டில் வேலைநிறுத்தஞ் செய்த புகையிரதத் தொழிலாளரும், 1946 செப்டெம்பர் 5இல் திருச்சிராப்பள்ளி பொன்மலையிற் சுடப்பட்டு வீழ்ந்த ஐந்து தொழிலாளரும் அந்த ஒலிக்குள் வாழ்ந்தவர்கள். அது அவர்களின் பணிமனை மொழி. அதை அழியவிடுவதால் தண்டிக்கப்படுபவன் தோட்ட முதலாளி அல்லன். மற்றைய ஆட்சேபம், வறிய நாட்டுக்கு இது ஆடம்பரம் என்பது. இதற்குப் பதில் இக்கரையோரத்திலேயே உள்ளது.

1970களின் இறுதி முதல் கல்முனை, மருதமுனை, நற்பிட்டிமுனை முதலிய ஊர்களிலிருந்து மத்தியகிழக்குக்கு உழைக்கச் சென்றோர் திரும்பிவரும்போது வானொலியோடு இணைந்த கசற் கருவிகளைக் கொண்டுவந்தனர். ஓலைக்கூரை வீட்டிலும் அது இருந்தது. நாகூர் ஹனிபாவின் பாடல்களும் திரைப்பட வசனங்களும் அவற்றில் ஓயாது ஒலித்தன. ஒவ்வொரு கருவியிலும் ஒலிப்பதற்கு ஒரு பொத்தானும், அதற்கருகிலேயே, பெரும்பாலுஞ் சிவப்பு நிறத்தில், பதிவுசெய்வதற்கு இன்னொரு பொத்தானும் இருந்தன. ஹான்ட்போர்ட் தோளிற் சுமந்து திரிந்ததைவிடப் பலமடங்கு இலேசான கருவி வீடுதோறும் இருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தும்படி சொல்ல வேண்டிய கல்விமான்களோ நாட்டார் பாடல்களின் சொற்களைத் தாளில் எழுதி, எழுத்துப்பிழை திருத்தி, அச்சேற்றிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டனர்.

சொல்லை மட்டும் பேணினால் என்ன நேரும் என்பதைத் தமிழில் வேறெவரையும்விட நன்கறிந்தவர் இக்கரையிற் பிறந்தவரே. கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தர் (1892-1947), பழந்தமிழர் யாழின் அமைப்பையும் அதிற் பிறந்த பண்களையும் மீட்டெடுக்கப் பல்லாண்டுகள் உழைத்தார். யாழைப் பற்றிய சொல்லுக்குத் தமிழிற் பஞ்சமில்லை. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் உள்ளன. ஒலி மட்டும் இல்லை. எனவே கணிதத்தையும் இயற்பியலையும் துணைக்கொண்டு, நரம்புகளின் அளவுகளைக் கணித்து, ஊகித்து, ஒப்பிட்டு, 1947இல் 'யாழ் நூல்' வெளிவந்த சில வாரங்களுள் அவர் மறைந்தார். ஒரு நாழிகை நேரம் எவரேனும் மீட்டிக் காட்டியிருந்தாற் போதுமாயிருந்த ஒன்றுக்காக ஓர் அறிஞரின் வாழ்நாளின் பெரும்பகுதி செலவாயிற்று. அன்று பதிவுசெய்யக் கருவி இருக்கவில்லை என்ற சமாதானம் சிலப்பதிகார காலத்தவருக்குப் பொருந்தும். கசற் யுகத்துத் தமிழ் அறிஞருக்கு அது பொருந்தாது. விபுலாநந்தருக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கும் மன்றங்கள் இந்த ஒரு விடயத்தில் அவரிடமிருந்து எதனையும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லவேண்டியிருப்பது வருந்தத்தக்கது.

பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. அந்நூலின் பெறுமதியை எவரும் மறுக்கவியலாது. அதற்குப் பின்னரும் கிழக்கிலங்கை நாட்டார் பாடல்கள் பல தொகுப்புகளாக வந்துள்ளன. அவற்றிற் களவெட்டியில் மாடு வளைத்துச் சூடுமிதிக்கும்போது பாடிய பொலிப்பாட்டின் வரிகள் உண்டு. மாட்டின் குளம்பொலி, வைக்கோலின் சரசரப்பு, முன்பாட்டுக்காரன் நிறுத்தும் இடம், பின்பாட்டுக்காரர் ஏற்கும் வேகம் ஆகியவை இல்லை. முஸ்லிம் பெண்கள் பாடிய கவியின் நான்கடிகளும் உள்ளன. அவற்றை அவர்கள் நீட்டி இழுத்த இழுப்பு இல்லை. திருமண வீட்டுக் குரவை எந்த எழுத்திலும் அடங்காது. பக்கீர்பாவாவின் றபான் ஒலியை எந்த மெய்யெழுத்தாற் குறிப்பது? உழவு இயந்திரம் வந்தது; பின்னர் அறுவடை இயந்திரம் வந்து வெட்டும் அடியும் தூற்றலும் ஒன்றாய் முடிந்தன. வட்டைக்குள் அந்தப் பாட்டுக்கு இனி வேலையில்லை. வேலையோடு பிறந்த பாட்டை மேடையில் மைக்கின் முன் பாடவைத்துப் பதிவது, கடுகண்ணாவை அருங்காட்சியகத்தில் 2014 முதல் வர்ணம் பூசப்பட்டு நிற்கும் எஞ்சினின் முன் நின்று நீராவியைக் கற்பனை செய்வதை ஒத்ததே.

இதில் இன்னும் பாரதூரமான ஒன்றும் உண்டு. நற்பிட்டிமுனை தமிழரும் முஸ்லிம்களும் அயலயலாக வாழும் ஊர். பாங்கொலியும் கோயில் மணியும் ஒரே காற்றில் வருமிடம். போர்க்கால ஆண்டுகளில் இக்கரையோரம் முழுவதிலும் இரு சமூகங்களுக்கும் இடையில் நேர்ந்தவற்றைப் பற்றி இன்று இருதரப்பிலும் நூல்கள் உள்ளன. ஒவ்வொரு நூலும் தன் தரப்பின் இழப்பை எண்ணுகின்றது. பழைய உறவைப் பற்றி ஒன்று கூறுவதை மற்றது மறுக்கின்றது. எழுதுபவன் எழுதும்போதே தெரிவு செய்கின்றான். ஒலிவாங்கியை வைப்பவனும் ஒரு தெரிவைச் செய்கின்றான்தான். ஆனால் வைத்தபின் அது தனக்கு வேண்டியதை மட்டும் கேட்பதில்லை. 1980இல் எவனோ ஒருவன் அவ்வூர்ச் சந்தியில் ஒரு மாலைப்பொழுதை ஒரு மணிநேரம் பதிவுசெய்திருந்தால், யார் யாரை 'காக்கா' என்றும் 'அண்ணன்' என்றும் அழைத்தனர், எந்தக் கடையில் எவர் கடன் சொல்லினர், எந்த ஒலி எழுந்தபோது எந்த ஒலி அடங்கிற்று என்பனவெல்லாம் அதில் இருந்திருக்கும். றூரல் றிற்றீற் என்ற சிற்றூருக்கு 1957ஆம் ஆண்டின் ஓரிரவு பத்திரமாக உள்ளது. இவ்வூருக்கு அப்படியொரு மாலை வேண்டியிருந்தது. நீதிமன்றிற் காட்டுவதற்கன்று, பிள்ளைகளுக்குக் கேட்கக் கொடுப்பதற்கு.

பிரித்தானியரிடம் 1955இன் திட்ட அறிக்கை இருந்தது. தமக்கு எஞ்சியிருப்பவை கடைசி ஆண்டுகள் என அவர்கள் அறிந்திருந்தனர். இக்கரையில் எந்த ஒலிக்கும் எவரும் நாள் குறித்து அறிவிப்பதில்லை. நற்பிட்டிமுனைக்கு அயலிலுள்ள மருதமுனையின் கைத்தறி ஒலி தலைமுறை தலைமுறையாக அவ்வூர்த் தெருக்களின் ஒலி. மிதியின் தட்டு, நாடா பாயும் ஓசை, இழையை நெருக்கும் அடி என மூன்று கூறுகள் கொண்ட அந்த ஒலியிலும் சாரத்தின் நெருக்கத்தையும் நெய்பவரின் களைப்பையும் பழகிய செவி பிரித்தறியும். (தறியின் நாடாவையும் ஒலியின் நாடாவையும் ஒரே சொல்லாற் குறிக்கும் மொழியில் இவையிரண்டும் சந்திக்காமற் போனது விந்தையே.) 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது மருதமுனையிற் பல தறிகள் ஒரே காலைப்பொழுதிற் போயின. எஞ்சியவை இன்னும் இயங்குகின்றன; யந்திர நெசவின் விலையோடு போட்டியிட்டு எத்தனை ஆண்டுகள் இயங்கும் என்பதை எந்த அமைச்சும் அறிக்கையிடப் போவதில்லை.

நூலகம் நிறுவனம் 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வருவதோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. அது தன்னார்வலர்களின் உழைப்பு. பல்கலைக்கழகங்கள் என்ன செய்கின்றன? வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும், பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் சிறப்புப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதும் மாணவர் ஆண்டுதோறும் தத்தம் ஊர்களுக்குச் சென்று முதியோரிடம் பாடல்களைக் கேட்டுவருகின்றனர். இன்று அவர்கள் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் கைத்தொலைபேசி உள்ளது, பதிவுஞ் செய்கின்றனர். பதிவிலிருந்து வரிகள் பெயர்த்தெழுதப்படுகின்றன, ஆய்வேடு கட்டப்படுகின்றது, புள்ளி வழங்கப்படுகின்றது. தொலைபேசி மாறும்போது பதிவு அழிகின்றது. பின்னிணைப்பிற் பாடல் இருக்கும். பாடிய மூதாட்டியின் குரலுக்கு அங்கு இடமில்லை. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று தொகை சொல்லியாவது அழ முடிந்தது. இங்கு அழிவது எவ்வளவென்ற கணக்கே இல்லை; அழிப்பவரும் பகைவரல்லர்.

வேண்டப்படுவது பெருநிதியன்று. நாட்டார் வழக்காறு, கிளைமொழி, தொழில்சார் சொல் ஆகியன பற்றிய எந்த ஆய்வேட்டோடும் மூல ஒலிப்பதிவு ஒப்படைக்கப்படவேண்டும், அது துறைநூலகத்தில் எண்ணிடப்பட்டு வைக்கப்படவேண்டும் என்ற ஒருவரி விதியே முதலில் தேவை. நீராவி ஒலிப்பதிவாளரிடமிருந்து கடன்பெறக்கூடிய ஒழுக்கமும் அத்துடன் சேரவேண்டும்: எந்த ஊர், எந்த நாள், எத்தனை மணி, மழையா வெயிலா, ஒலிவாங்கி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்ற குறிப்பு. அவர்கள் எழுதாமல் விட்டதை இங்கு முதல் வரியாக எழுதவேண்டும்: உழைத்தவரின் பெயர், அவர் சம்மதித்தால். மேற்பார்வையாளர்களுட் பலர் ஒலிப்பதிவு அச்சிட்ட ஆய்வேட்டுக்கு ஈடாகாது என்பர். ஈடாக வேண்டியதில்லை, கூட இருந்தாற் போதும். அடுத்த கல்வியாண்டில் மருதமுனைத் தறிகளைப் பற்றியோ வட்டைச் சொற்களைப் பற்றியோ எழுதவிருக்கும் மாணவர் தமது ஒலிப்பதிவைக் கையளிக்க விரும்பினால், அதைப் பெற்றுக்கொண்டு பற்றுச்சீட்டுக் கொடுக்க ஒரு மேசைகூட இன்று எந்தத் தமிழ்த்துறையிலும் ஒதுக்கப்பட்டிருப்பதாகத் தெரியவில்லை.